இந்த வருஷமா, அடுத்த வருஷமா

படம் எடுக்கும் அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்து எக்ஸ்ரே தட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார். "தட்டு ஜில்லுன்னு இருக்கும். என்னைத் திட்டாதீங்க, மெஷினைத் திட்டுங்க" என்கிறார். வந்தவர் சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தட்டோடு ஒட்டுகிறார். அக்கா அவருடைய மோவாயைத் தூக்கி வைத்து, கைகளை இடுப்பில் ஊன்றச் சொல்லி, தோள்கள் இரண்டையும் முன்பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். "மூச்சை நல்லா இழுங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே அடக்குங்க." சொல்வதோடு நிற்பதில்லை, தானும் கூடவே இழுத்து அடக்குகிறார். பொத்தானை அமுக்கி, "ம், விட்டுடுங்க" என்கிறபோதுதான் அவருடைய மூச்சும் வெளியே வருகிறது. இதனால் எங்கள் பரிசோதனை நிலையத்தில் அவருக்கு மூச்சக்கா என்று பெயர். வாசல் காவலாளியிலிருந்து முதலாளிவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

அடுத்த அறை என்னுடையது. படங்களைப் பார்க்கும் டாக்டர் சாயங்காலம் வந்து ஒலிப்பதிவுக் கருவியில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போவார். மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த முணுமுணுப்பை அறிக்கையாக அடிப்பது என் பிழைப்பு. இரண்டு அறைக்கும் நடுவே படங்களைக் கொடுத்து வாங்க ஒரு சிறிய ஜன்னல் உண்டு. அதன் வழியாக மூச்சக்காவைப் பல வருஷமாக வேடிக்கை பார்த்து வருகிறேன். நான் ஒழுங்காகச் செய்கிற வேலை அது ஒன்றுதான் என்று முதலாளி ஒருமுறை சொன்னார்.

மூச்சக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. நடை எப்போதும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் நடை. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார், ஏனென்றால் அவருடைய அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் வேதியியல் சமன்பாடுகள் ஒட்டியிருக்கும். ஒரு வாய் சோறு, ஒரு வரி சமன்பாடு. மனிதர்களைப் பார்த்தால் அவருக்கு முதலில் தெரிவது எலும்பு. பழக்கடைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, "உங்க வலது தோள் இறங்கியிருக்கு, கூடையை இந்தப் பக்கம் மாத்தித் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்வார். என்னைப் பார்த்து, "தம்பி, நீ குனிஞ்சு குனிஞ்சு அடிச்சு முதுகைக் கேள்விக்குறியா ஆக்கிட்டு இருக்க" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. படம் எடுப்பவர் படத்தை முதலில் பார்ப்பார், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று வாயைத் திறக்கக் கூடாது. முகத்தில்கூடக் காட்டக் கூடாது. சட்டையைப் போட்டுக்கொண்டே எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "எப்படிம்மா இருக்கு?" என்பார்கள். "டாக்டர் சொல்வாங்க" என்பார் மூச்சக்கா. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் அதிகம் பேசிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அதைச் சொல்லும்போது முகத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

முகத்தைப் பழக்கியவர் வாயைப் பழக்க மறந்துவிட்டார். படத்தில் ஏதாவது சரியில்லாததுபோல் பட்டால் அவருக்கு மனசு கேட்காது. அந்த மனிதருக்கு ஏதாவது நல்லதாகச் செய்ய வேண்டும்போல் இருக்கும். சொல்லத்தான் கூடாது, விசாரிக்கலாமே! "சாப்டீங்களா?" என்று கேட்டுவிடுவார். தன்னையறியாமல் கேட்பதுதான். ஆனால் எங்கள் கூடத்தைப் பெருக்கும் அம்மா கவனித்துவிட்டார். காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் காதோடு காதாக, "மூச்சக்கா சாப்டீங்களான்னு கேட்டா சமாச்சாரம் சரியில்லைன்னு அர்த்தம்" என்று பரப்பியும்விட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர் வந்தார். வேலைக்காக இனி வருஷா வருஷம் நெஞ்சுப் படம் கொடுக்க வேண்டியவர், அதுதான் முதல் தடவை. படத்தில் நுரையீரலின் மேல் பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. மூச்சக்காவின் முகம் சுவராகத்தான் இருந்தது. வாய் மட்டும், "காலையில சாப்டீங்களா அண்ணே?" என்றது. டிரைவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அன்று பார்த்து டாக்டர் ஊரில் இல்லை, இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். வந்து, சின்ன வயதில் ஏதோ தொற்று வந்து தானாகவே ஆறிப்போன பழைய தழும்பு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த அறிக்கையை அடித்தவன் நான்தான். ஆனால் அதற்குள் டிரைவர் வேன் சாவியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, எந்தெந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டி முடித்திருந்தார்.

அவர் வந்து சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "என் சம்சாரம் ரெண்டு நாளா அடுப்பு பத்தவைக்கலைம்மா. நீங்க கேட்டது ஒரே ஒரு கேள்விதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, படத்தை வேறெங்கோ எடுத்துக்கொண்டார்.

மூச்சக்கா ஜன்னலருகே வந்தார். "வெள்ளையா இருக்கிறது தெரிஞ்சுது தம்பி. பழசா புதுசான்னு தெரியல. அரைக்கிணறு தாண்டிட்டு நிக்கிறேன்" என்றார். அந்த மாதமே மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

புதிதாக முளைத்த ஆசை இல்லை. பள்ளிக்கூடத்தில் உயிரியலில் முதலாவதாக வந்தவர். அப்பா படுத்த படுக்கையானதும், சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று படம் எடுக்கும் படிப்புக்குப் போனார். ஆசை அதற்காகச் சும்மா இருக்குமா? பயிற்சிக்காக மருத்துவ மாணவர்கள் எங்களிடம் வருவதுண்டு. கழுத்தில் புது ஸ்டெதாஸ்கோப், கண்ணில் தூக்கம். மூச்சக்கா அவர்களுக்குத் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்து, நேற்று என்ன பாடம் நடந்தது, பிணத்தை முதல்முறை அறுக்கும்போது எப்படி இருந்தது என்று விசாரிப்பார். அவர்கள் கொட்டாவி விட்டபடி சொல்வதை, ஊருக்குப் போய் வந்தவரிடம் ஊர்க்கதை கேட்பவர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் போன பிறகு அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

தேர்வில் தேறிவிட்டார். அப்போதைய விதிப்படி அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அதற்குமேல் அது செல்லாக்காசு. விண்ணப்பம் வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் திறந்திருக்கும். முதல் வருஷம் அவர் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். துணி துவைக்கும் மெஷின் பழுது பார்ப்பவர் அவர். மெஷினை மாடிக்குத் தூக்கியதில் வந்த வினை. இரண்டாம் வருஷம் மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று இரண்டு தடவையும் மூச்சக்காவே சொல்லி, தானே தலையாட்டிக்கொண்டார். அலை ஓய்ந்து தலை முழுகுவது என்பார்களே, அந்தக் கதை.

வீட்டில் யாரும் குறுக்கே நிற்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கணவர், "நீ படி, துணியை நான் பாத்துக்கறேன், நான் வாழ்றதே அந்த மெஷினோடதானே" என்கிறார். கட்டடக் கலை படிக்கச் சேர்ந்துவிட்ட மகளுக்கோ, அம்மா தன்னைவிட ஜூனியராக வரப்போவதில் அளவில்லாத சந்தோஷம். ஊரிலிருக்கும் அக்கா மட்டும் போனில் கூட்டல் கணக்குப் போடுகிறார். படித்து முடிக்கும்போது என்ன வயது, வேலை பழகும்போது என்ன வயது, நாலு பேர் நம்பிக்கையோடு நாடி பார்க்கக் கை நீட்டும்போது என்ன வயது.

நானும் ஒருநாள் பெரிய மனுஷத்தனமாக, படிக்காவிட்டாலும் அந்த வயது வரத்தான் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். நறுக்கென்று பதில் வந்தது. "எல்லாரும் இதையே சொல்றீங்க. படிக்கலைன்னா அந்த வயசுக்கு நான் தூங்கி எழுந்து வருவேன். படிச்சா தூங்காம வருவேன். ரெண்டும் ஒண்ணா?" ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

இந்த வருஷம்தான் கடைசி. விண்ணப்ப மாதம் பிறந்ததும் முதலாளி அவரைக் கூப்பிட்டார். கீழ்த்தளத்தில் பெரிய ஸ்கேன் மெஷின் வரப்போகிறது. அதற்கு மூச்சக்காதான் பொறுப்பாளர். தனி அறை, கூடுதல் சம்பளம், கீழே இரண்டு பேர். ஒரே ஒரு வருஷம் இருந்து நடத்திக் கொடுத்துவிட்டு அப்புறம் படிக்கப் போகட்டும், யார் தடுத்தார்கள் என்றார். மதிப்பெண் காலாவதியாகும் விஷயம் அவருக்குத் தெரியாது, மூச்சக்கா சொல்லவில்லை. தேர்வை மறுபடி முதலிலிருந்து எழுதத் தன்னிடம் தெம்பில்லை என்பது மூச்சக்காவுக்கே தெரியும்.

அந்த மாதம் அவர் பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை, "போட்டுடறேன் தம்பி" என்பார். செவ்வாய்க்கிழமை, "இன்சார்ஜ்னு கதவுல போர்டு மாட்டுவாங்களாமே" என்பார். புதன்கிழமை மகளின் கல்லூரிச் செலவு நினைவுக்கு வரும். வியாழக்கிழமை அந்த மாணவப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், மறுபடி முகம் வாடிவிடும். எனக்கே அலுத்துப்போய், ஏதாவது ஒன்றுக்குச் சரி என்று சொல்லித் தொலையுங்களேன் என்று சண்டை போட்டேன். கோபித்துக்கொண்டு ஒருநாள் முழுக்க ஜன்னலைச் சாத்திவைத்தார்.

மாதம் முடியப் போகிற சமயத்தில் ஒரு காலையில் வாசலில் வந்து நின்றார் அந்த வேன் டிரைவர். தலை நரைத்திருந்தது. வழக்கமாகப் போகும் இடத்தை மூடிவிட்டார்களாம். தயங்கித் தயங்கி உள்ளே வந்து, "அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். என்ன தெரிஞ்சாலும் சரி, சாப்டீங்களான்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மூச்சக்காவும் சிரித்தார். மோவாயைத் தூக்கி வைத்தார், தோளைத் தள்ளிவிட்டார், படம் எடுத்தார்.

டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். போட்டு முடித்த பிறகும் நகரவில்லை. சிரிப்பெல்லாம் போய்விட்டது. "எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"டாக்டர் சொல்வாங்க அண்ணே."

அவர் தலையாட்டிவிட்டுப் போய் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் வர இன்னும் அரைநாள் இருந்தது. சாயங்காலம் வந்தால் போதும் என்று நான் சொல்லியும் எழுந்து போகவில்லை. கதவிடுக்கு வழியே அவர் முதுகு தெரிந்தது. மூச்சக்கா படத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வந்தார்.

"அதே தழும்புதான் தம்பி. பெருசாகல. எனக்கு அப்படித்தான் தோணுது. தோணுதுன்னு உன்கிட்ட சொல்லலாம். அங்க உக்காந்திருக்காரே, அவர்கிட்ட சொல்ல முடியாது." படத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "கீழ வரப்போற பெரிய மெஷின்லயும் எடுத்து முடிச்சதும் நான் இதையேதான சொல்லணும்?"

நான் ஆமாம் என்றேன்.

"மதியம் என்கூட ஸ்டூடியோ வரைக்கும் வா. விண்ணப்பத்துக்கு போட்டோ வேணும். தனியா போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

போனோம். வழியில் இரண்டு தடவை நின்றார். இரண்டு தடவையும் நான் நடந்துகொண்டே இருந்ததால் பின்னால் வந்துவிட்டார். ஸ்டூடியோக்காரர் முக்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, எதற்குப் படம் என்று கேட்டார். காலேஜுக்கு என்றார் மூச்சக்கா. "பிள்ளைக்கா? பிள்ளை வரலியா?" என்று அவர் வாசலை எட்டிப் பார்த்தார்.

"எனக்குத்தான்."

ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டார். எடுத்த படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி, மூச்சக்காவின் வகிட்டோரத்தில் எதையோ தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளை முடிகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வந்தன. எல்லோருக்கும் செய்து தருவதுதான், இதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை என்றார். திரையில் இருந்த முகம் பத்து வயது குறைந்து நன்றாகவே இருந்தது. எனக்குக்கூட அப்படியே இருக்கட்டுமே என்று தோன்றியது.

மூச்சக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது வேண்டாங்க. இன்னொண்ணு எடுங்க" என்றார்.

மறுபடி போய் முக்காலியில் உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் ஒதுக்கிச் செருகியிருந்த நரைமுடியை ஒரு விரலால் இழுத்து, நெற்றிக்கு முன்னால் நன்றாகத் தெரியும்படி விட்டுக்கொண்டார்.