கருணாகரன் மேட் ஸ்கிரீன் வாங்கிய கதை

கருணாகரனைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் நடக்காது. அதனால் நானே எழுதுகிறேன். நல்லவிதமாக வருமா என்பது வேறு விஷயம். அந்த மனிதர்மேல் எனக்குப் பாதி நாள் கோபம்தான்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. முன்பாதியில் நானும் மெஷினும். பின்பாதியில் ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், கருணாகரன். கல்யாண வீடியோதான் அவர் தொழில். ஆனால் இப்போதெல்லாம் கல்யாணத்தைவிட அவருக்குச் சாவு வேலைதான் அதிகம். இந்தப் பக்கம் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் ஃபிளைட் பிடித்து வருவதற்குள் இங்கே உடலை எடுத்துவிடுவார்கள். அப்போது கருணாகரனுக்கு போன் வரும். இவர் போய் லேப்டாப்பை ஒரு ஸ்டூலில் வைத்து, அதிலிருக்கும் கேமரா உடம்பைப் பார்க்கிற மாதிரி திருப்பி, வெளிநாட்டுக்காரர்களை லைனில் சேர்ப்பார். இங்கே நடப்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அழுகிற முகம் ஸ்கிரீனில் கட்டம் கட்டமாகத் தெரியும். சத்தம் மட்டும் வராது. மந்திரத்துக்கு இடைஞ்சல் என்று சாஸ்திரிகள் கோபித்துக்கொள்வதால் எல்லாரையும் மியூட்டில் போட்டுவிடுவார்.

அவருடைய லேப்டாப் கிளாஸி ஸ்கிரீன். கல்யாணப் பார்ட்டிகளுக்காக வாங்கியது. அரக்குப் புடவை அரக்காகவே தெரியும், ஜரிகை மின்னும், பெண்வீட்டார் வாயைப் பிளப்பார்கள். ஆனால் வெயிலில் கொண்டுபோய் வைத்தால் அது வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி. எதிரே போய் நின்றால் நம் மூஞ்சிதான் தெரியும், வேறு எதுவும் தெரியாது.

"மேட் ஸ்கிரீன்னு ஒண்ணு கீதுண்ணா. வெயில் பட்டாலும் ஒண்ணும் ஆவாது. என் பொண்ணுக்கு ஆபீஸ்ல அதான் குட்த்துகிறாங்க" என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன்.

"மேட்ல கலர் எடுக்காது அன்பு. இதுவே போதும்" என்பார். என் பெயர் அன்புக்கரசி. அவர் வாயில் எப்போதும் அன்புதான். கூப்பிடுகிற குரலில் மட்டும் அது இருக்காது.

முன்பு இப்படி இல்லை. அவர் மனைவி ஜெயஸ்ரீ என் சிநேகிதி. இருந்தவரை கடைக்கு வந்து இருவரையும் வம்புக்கு இழுத்துவிட்டுப் போவாள், இவரும் பதிலுக்குப் பதில் பேசுவார். கிட்னி கெட்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள். மகன் மதிவாணன் மஸ்கட்டில் இருந்தான். டிக்கெட் கிடைக்கவில்லை. ஆகவே பட்டினப்பாக்கத்தில் தன் வீட்டு வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பை வைத்தார் இவர். ஜெயஸ்ரீக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தது நான்தான். நான் தொண்டை கிழியக் கூப்பிட்ட பிறகு வந்து வாய்க்கரிசி போட்டார். போட்டுவிட்டு நேரே லேப்டாப்பிடம் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்து மேஜையைத் துடைத்தார். "டீ சொல்லு அன்பு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயெல்லாம் மனுசனா, மரமா?" என்றேன்.

"தெர்லயே" என்றார்.

நக்கல் இல்லை. கேட்ட கேள்விக்கு விடை தெரியாத மனிதர் சொல்கிற மாதிரியே சொன்னார். அதிலிருந்து இப்படித்தான். சாப்பிட்டாயா என்றால் யோசித்துவிட்டுப் பதில் சொல்வார். ஒருநாள் நான் உப்புப் போட மறந்த சாம்பாரைக் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டார். வீட்டில் நான் வாயில் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பயம் வந்தது.

இந்தச் சித்திரையில் மந்தைவெளியில் ஒரு ஃபிளாட்டில் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். ஒரே பெண் ஸ்ரீரஞ்சனி, அமெரிக்காவில். வந்து சேர முடியாது என்று தெரிந்ததும் கருணாகரனைக் கூப்பிட்டார்கள். கீழே, கேட்டுக்கு உட்புறம், உச்சி வெயிலில் கிடத்தியிருந்தார்கள். இவர் வழக்கம்போலப் போனார், வழக்கம்போல வந்தார். எப்படிப் போச்சு என்றதற்கு "நல்லா போச்சு" என்றார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாரானேன். அவளோ பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, "அன்னிக்கு ரெக்கார்டு ஆயிருக்குமே, போட்டுக் காட்ட முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கருணாகரன் போட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். சாஸ்திரிகளின் முதுகு, யாரோ பிடித்த குடை, தள்ளி அந்தப் பெரியவரின் கால். முகம் தூரத்தில் சின்னதாக இருந்தது. "வாய்க்கரிசி போடறவா எல்லாம் சீக்கிரம் வாங்கோ" என்று ஒரு குரல். அப்போது கீழேயிருந்து ஒரு தலை எழும்பி ஸ்கிரீன் முழுவதையும் அடைத்தது. கருணாகரனின் தலை. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். வெயிலில் அவருக்கு அவர் மூஞ்சிதான் தெரிந்திருக்கிறது. வியர்வையைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து வகிடு சரிசெய்தார். மீசையை நீவிவிட்டார். இப்படி ஒரு பக்கம், அப்படி ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் நகர்ந்தபோது பெரியவரின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

அட கஷ்டகாலமே! எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

"மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்பாவைக் கிட்டக்கக் காட்டுங்கோன்னு கத்திண்டே இருந்தேன்" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "நீங்க நேரா என்னையே பாத்துண்டு இருந்தேள். சரி, காதுல விழுந்துடுத்துன்னு நெனைச்சேன். அப்பறம் சீப்பை எடுத்தேள்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தேள். சொல்லுங்கோ. எங்கப்பா முகம் எப்படி இருந்தது?"

ஒரு பொய் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! தூங்குகிற மாதிரி இருந்தாரம்மா என்றால் நாக்கு அழுகிவிடுமா? நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தால்தானே.

"பாக்கலைம்மா" என்றார்.

"கொஞ்சம்கூடவா?"

"நான் யாரையும் பாக்கறதில்லம்மா. ஸ்கிரீனைத்தான் பாப்பேன். வெயில்ல அதுல என் மூஞ்சிதான் தெரியும். அப்டி இருக்கங்காட்டிதான் இந்த வேலைய செஞ்சிக்கினு கீறேன்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு "சரி" என்று எழுந்து படியிறங்கிப் போனாள். அப்பாவின் முகத்தைக் கேட்டு அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவளுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது.

"யாரையும்னா? ஜெயஸ்ரீயையுமாண்ணா?"

அவர் மஞ்சள் துணியை எடுத்து ஸ்கிரீனைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கும் நல்ல வெயில்" என்றார்.

என்னிடம் வசவுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் நேரே மெஷினிடம் போய்விட்டேன். அதை ஆன் செய்து, யாருடைய ஆதார் அட்டையையோ தேவைக்கு மேல் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, "தி.நகர் வரைக்கும் வரியா அன்பு? மேட் ஸ்கிரீன் பாக்கணும்" என்றார். ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடவே போனேன்.

பாண்டி பஜார் பக்கம் ஒரு பெரிய கடை. உள்ளே எங்கு பார்த்தாலும் விளக்கு. யாசிர் என்று சட்டையில் பெயர் குத்திய பையன் சிரித்தபடி வந்தான்.

"லேப்டாப்பா சார்? வீட்டு யூஸா, ஆபீஸ் யூஸா?"

"சாவுக்கு" என்றார் கருணாகரன்.

பையனின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. நான் குறுக்கே புகுந்து விஷயத்தை விளக்கினேன். பாவம், நல்ல பையன். கிளாஸி ஒன்றும் மேட் ஒன்றுமாக இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைத்தான்.

"கிளாஸில கறுப்பு நல்லா கறுப்பா இருக்கும் சார், கலர் தூக்கிக் காட்டும். மேட் கொஞ்சம் மங்கல்தான். ஆனா எதிர்ல இருக்கிற எதுவும் அதுல விழாது. ரெண்டுலயும் ஒரே வீடியோ ஓட்டறேன், பாத்து முடிவு பண்ணுங்க." கிளி, அருவி என்று கடை வீடியோ ஒன்றை எடுத்தான்.

"அது வேணாம். இதப் போடு" என்று சாவிக்கொத்தில் மாட்டியிருந்த பென் டிரைவைக் கருணாகரன் கழற்றிக் கொடுத்தார். கல்யாணம்தான் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போய், "அம்மா" என்று இருந்ததைத் தொட்டார். மகனுக்காக வைத்த பெயர். அனுப்பியதோடு சரி, அதை அவர் திறந்ததே இல்லை.

முதலில் கிளாஸி. கடை விளக்கெல்லாம் வரிசையாக அதில் விழுந்தது. யாசிரின் சட்டை தெரிந்தது, நான் தெரிந்தேன், நடுவே கருணாகரனின் மூஞ்சி தெரிந்தது. அடியில் எங்கோ மஞ்சளாக ஏதோ கிடந்தது. அவர் கை தானாகத் தலைக்குப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டார்.

பிறகு மேட்டில் போட்டான். விளக்கு எதுவும் விழவில்லை. நாங்களும் விழவில்லை. ஜெயஸ்ரீ மட்டும் இருந்தாள்.

"ஸ்கின் டோன் பாருங்க சார், எவ்ளோ நேச்சுரலா..." என்று ஆரம்பித்த யாசிருக்கு அப்போதுதான் என்ன ஓடுகிறது என்று புரிந்தது. "அல்லா" என்று முணுமுணுத்துக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

கருணாகரன் நின்றுகொண்டே பார்த்தார். நான் பூ வைப்பதைப் பார்த்தார். தான் வந்து வேறெங்கோ பார்த்தபடி அரிசி போடுவதைப் பார்த்தார். துணியால் மூடுவதற்கு முன் ஓரிடத்தில் நிறுத்தினார். கடையில் யாரோ குளிர்சாதனப் பெட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பொட்டு கோணலா கீது" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "நான்தாண்ணா வெச்சேன். சரியா வெக்க முடியல."

அவர் கட்டைவிரலை ஸ்கிரீனில் அந்தப் பொட்டின்மேல் வைத்து லேசாக இடப்பக்கம் நகர்த்தினார். விரல் வைக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்த யாசிர் சொல்லாமல் விட்டான். அவர் விரலை எடுத்தார். பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான்தான் அத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சி அழுதுகொண்டு நின்றேன்.

"இதையே பில் போடுப்பா" என்று யாசிரிடம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். ஜெயஸ்ரீ போன பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அழாத அன்பு. அவளா வெச்சிக்கினாலும் கோணலாத்தான் வெச்சிப்பா" என்றார். "நீ கரீக்டா தான் வெச்சிருக்க."