முப்பத்து மூன்றில் கேட்டவர்

இடது உள்ளங்கை ரெக்கார்டின் விளிம்பை மட்டும் தாங்கியிருந்தது. வலது கை மெல்லிய தூரிகையால் கறுப்புத் தட்டின் மேலிருந்த தூசியை வட்டமாக ஒதுக்கியது. ஒரு விரலும் கோடுகள் ஓடிய பரப்பைத் தொடவில்லை. தட்டு சுழலியில் இறங்கியது, அதன் மேல் ஊசி இறங்கியது. பிறகு இரண்டு கைகளும் கட்டம் போட்ட நோட்டுக்கும் கூராகச் சீவிய பென்சிலுக்கும் திரும்பின.

அந்தக் கைகள் பகலில் குவோப்பியோ நகரப் பேருந்தை ஓட்டுபவை. இல்போவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடங்களாக 'கசடு' என்ற எட்டுப் பக்க மாத இதழில், வெளியாகும் ஹெவி மெட்டல் ரெக்கார்டுகளையும் ஊரில் நடக்கும் கச்சேரிகளையும் பற்றி எழுதி வந்தார். இதழை அச்சடிப்பவர் ஒஸ்மோ. ரெக்கார்டு கடைக்காரர், இல்போவோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

எங்கள் ஊரில் இந்த இசையைச் சந்தையில் மீன் விற்கும் அம்மாவும் கேட்பாள், பல் மருத்துவரும் கேட்பார், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரும் கேட்பார். மூவரும் இல்போ சொன்னால்தான் வாங்குவார்கள். 'அருமை', 'அபாரம்' என்ற சொற்களை அவர் எழுதியதில்லை. 'மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் ஒரு மயிரிழை பிந்துகிறது, அது நன்றாக இருக்கிறது' என்று எழுதுவார். நாங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டால் அது பிந்தும், நன்றாகவும் இருக்கும். அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. ரெக்கார்டை மூன்று தடவை கேட்காமல் எழுதக் கூடாது. கச்சேரியில் கடைசிப் பாட்டு முடியும்வரை நிற்காமல் எழுதக் கூடாது. இதழின் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே, இவை இரண்டும் ஒவ்வொரு மாதமும் அச்சாகும்.

அந்த அக்டோபர் மாலை அவர் கேட்டது பக்கஸ்ராயா என்ற உள்ளூர்க் குழுவின் முதல் ரெக்கார்டு. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளில் ஒரு தேவதாருக் காயின் படம் இருந்தது. வேறு எழுத்தும் இல்லை, வேகத்தைச் சொல்லும் எண்ணும் இல்லை. சுழலியின் வேகப் பொத்தான் வழக்கம்போல் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் இருந்தது.

கித்தார் கனத்த சங்கிலியை இழுப்பதுபோல் வந்தது. டிரம்ஸ் ஒவ்வொரு அடிக்கும் நடுவே மூச்சு வாங்கியது. குரல் மண்ணுக்கு அடியில் எங்கோ இருந்து ஏறி வந்தது. இல்போ பென்சிலைக் கீழே வைத்தார். பல வருடங்களாகப் புது ரெக்கார்டுகள் அவருக்குக் கழுவித் துடைத்த தட்டுகள் போலத்தான் இருந்தன. இது அப்படி இல்லை. முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். இரண்டாம் தடவை ஜன்னலோரம் நின்று கேட்டார். மூன்றாம் தடவை தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

பிறகு எழுதினார்: 'இவ்வளவு பொறுமையான குழுவை நான் கேட்டு வெகு நாளாகிறது. ஒவ்வொரு அடியும் விழுவதற்கு முன் யோசிக்கிறது. பாடுபவரின் குரல் கிணற்றின் அடியில் கிடக்கும் இரும்பு. ஏப்ரலில் இளைஞர் மன்றத்தில் இவர்களை நேரில் பார்த்தபோதும் இதே கனத்தை உணர்ந்தேன்.'

இதழ் வெளிவந்த அன்று காலை ஒஸ்மோ தொலைபேசியில் கூப்பிட்டார். பேச்சு வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"இல்போ, நீ அந்த ரெக்கார்ட எந்த வேகத்துல போட்டுக் கேட்ட?"

"முப்பத்து மூணு. ஏன்?"

"டேய், அது நாப்பத்தஞ்சுடா!"

இல்போவின் கண் சுழலியின் பொத்தானுக்குப் போனது.

"அச்சுக் கோக்கறப்போ நானும் கவனிக்கல. இப்பதான் கடையில போட்டேன். பாடறது பொண்ணுடா. வில்யா. சந்தையில மீன்ரொட்டி சுடறாளே, ஒல்லியா. அவ தொண்டையப் போயி கெணத்து இரும்புங்கறியே, பாவி!"

இல்போ சுழலியின் பொத்தானைத் தள்ளிவிட்டு மறுபடி போட்டார். குளவிக் கூட்டைக் கலைத்தது போலிருந்தது. டிரம்ஸ் ஓடியது, கித்தார் அதைத் துரத்தியது, இரண்டுக்கும் மேலே ஒரு பெண் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவர் முப்பத்தெட்டு நிமிடம் கேட்டது இருபத்தெட்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஊசி கடைசி வட்டத்தில் உரசிக்கொண்டே கிடந்தது. அவர் எடுக்கவில்லை.

ஊர் சிரித்தது. "இன்னைக்கு வண்டி முப்பத்து மூணா, நாப்பத்தஞ்சா?" என்று பயணிகள் ஏறும்போதே கேட்டார்கள். பணிமனையில் அவருடைய அலமாரிக் கதவில் யாரோ ஒரு நத்தைப் படத்தை ஒட்டினார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. எண் போடாதது குழுவின் தப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். எங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ரெக்கார்டைத் தப்பு வேகத்தில் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான். வேறு இசை என்றால் நாலு நொடியில் பிடிபட்டுவிடும். எங்கள் இசையில் மெதுவாக இருப்பதும் ஒரு பெருமை. அந்த ரெக்கார்டின் முந்நூறு பிரதியும் பத்து நாளில் தீர்ந்தன. ஆளாளுக்கு இரண்டு வேகத்திலும் போட்டுப் பார்த்தார்கள். முன்னைவிட இல்போவை அதிகமாக நேசித்தார்கள்.

ஒவ்வொருவர் சிரிக்கும்போதும் இல்போவுக்குக் காது மடல் எரிந்தது. அவர்கள் வேகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். விமர்சனத்தின் கடைசி வரியை, ஏப்ரலைப் பற்றியதை, யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரலில் அவர் இளைஞர் மன்றத்துக்குப் போனது உண்மை. பக்கஸ்ராயாவுக்கு அது முதல் கச்சேரி, சனிக்கிழமை பகல் நேரம். முதலில் வாசித்த பழைய குழுவைக் கேட்டார். அது முடிந்ததும் பழைய கூட்டாளிகள் இருவர் தோளைத் தட்டினார்கள். தெருமுனைக் கடையில் சுட்ட சாசேஜ் வாங்கிக்கொண்டு எண்பத்தொன்பதாம் வருடத்துக் கச்சேரி ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். யார் கீழே விழுந்தது, யார் பல் உடைந்தது என்ற பேச்சு. திரும்பி வந்தபோது பக்கஸ்ராயாவும் வாசித்து முடித்து, மேடையில் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் எழுதும்போது அந்த ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நிறுத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அன்று பாடியது யார் என்று பார்த்திருந்தால் ரெக்கார்டில் அந்தக் குரல் வந்த நொடியே எழுந்து பொத்தானைத் தள்ளியிருப்பார். எங்கள் மொழியில் 'பாடுபவர்' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று தெரியாது. அந்த ஒரு சொல் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் வில்யா அவருடைய பேருந்தில் ஏறினாள். வேலை முடிந்து வந்தவளிடம் கம்பு மாவு வாசனை அடித்தது. கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். வண்டி ஏழு நிமிடம் நிற்க வேண்டும். அவள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கெணத்து இரும்பு நான்தான்" என்றாள்.

இல்போ தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சிடும்மா. அந்த வேகம்..."

"அய்யோ, அதுக்கெதுக்கு மன்னிப்பு? முப்பத்து மூணுல போட்டும் ஒருத்தருக்குப் பிடிச்சிருக்குன்னா எங்களுக்கு லாபம்தானே? எங்க டிரம்ஸ்காரன் இப்ப மெதுவா வாசிச்சுப் பழகறான்." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஏப்ரல்ல எங்க நின்னீங்க?"

"பின்னாடி" என்றார் இல்போ. வாய் அதுபாட்டுக்குப் பேசியது. "ஒலி மேசைக்குப் பக்கத்துல. எப்பவும் அங்கதான் நிப்பேன்."

"ஒலி மேசையில எங்க அண்ணன் இருந்தான்."

"கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டார்."

"கூட்டமா? முத குழு முடிஞ்சதும் எல்லாரும் வெளிய போயிட்டாங்க. மிச்சம் பதினோரு பேரு. மேடையிலிருந்து எண்ணினேன். பயத்துல வேற என்ன செய்யறதுன்னு தெரியல, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருதரம் எண்ணினேன். பதினோரு மூஞ்சியும் எனக்குத் தெரியும்." அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க."

அவள் இறங்கி நடந்தாள். ஏழு நிமிடம் முடிந்து இன்னும் மூன்று நிமிடம் ஆன பிறகும் வண்டி கிளம்பவில்லை. அந்தத் தடத்தில் ஓட்டிய இத்தனை வருடங்களில் இல்போ பிந்தியது அன்று ஒரு நாள்தான். எழுத்தில் சொன்ன பொய் யோசிக்காமல் வந்தது. ஆனால் ஒரு பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்க்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது. அதைவிட, 'பயப்படாதீங்க' என்று அவள் சொன்னதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தன் மகள் வயதுப் பெண்ணின் இரக்கத்தில் தன் பெயர் தொங்குகிறது.

அன்று இரவு பழைய 'கசடு' இதழ்களை எடுத்து மேசையில் பரப்பினார். முடியும்வரை நிற்காமல் எழுதிய நான்கு கச்சேரிகள் அவற்றில் அகப்பட்டன. ஒன்றில் கடைசி இரண்டு பாட்டைக் கேட்கவில்லை, இன்னொன்றில் பாதியை. முதல் பக்கத்து விதி ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் கடைக்குப் போய் ஒஸ்மோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒஸ்மோ காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணே சொல்ல மாட்டேன்னுட்டா. அப்புறம் உனக்கென்னடா?"

"அவ சொல்ல மாட்டா. அதான்."

"இங்க பாரு கெழவா. வேகத்துக்கு ஒரு திருத்தம் போடு. எல்லாரும் சிரிச்சாச்சு, முடிஞ்சு போச்சு. ஏப்ரல் கதைய எழுதினேன்னு வை, முப்பத்தொரு வருஷமும் போச்சு. எவன் நம்புவான்? எந்தக் கச்சேரியில நின்ன, எதுல சாசேஜ் தின்னேன்னு ஒவ்வொண்ணா கேப்பானுங்க."

"கேக்கட்டும்."

"வீராப்பு பேசாத. சனிக்கிழம அவங்க கச்சேரி இருக்கு. வந்து நில்லு, கேளு, நல்லதா நாலு வரி எழுது. கணக்கு நேராயிடும்."

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அதே இளைஞர் மன்றம். இந்தத் தடவை உள்ளே நிற்க இடமில்லை. இல்போ மேடைக்கு நேர் கீழே, முதல் வரிசையில் நின்றார். தூண் ஓரம்கூடச் சாயவில்லை. எட்டுப் பாட்டு. வில்யா மேடையில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இரண்டாம் பாட்டில் அவள் மூச்சு எடுக்கும் இடத்தில் டிரம்ஸும் மூச்சு எடுக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டார். கூட்டத்திலிருந்து ஒருவன், "மெதுவா! மெதுவா!" என்று கத்தினான். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

டிரம்ஸ்காரன் மைக்கை இழுத்தான். "சரி, இது நம்ம இல்போவுக்கு. முப்பத்து மூணுல!"

முதல் பாட்டை மறுபடி வாசித்தார்கள். சங்கிலி இழுபட்டது. வில்யா குரலைத் தொண்டைக்கு அடியில் இறக்கிப் பாடினாள். கூட்டம் இல்போவின் முதுகில் தட்டியது, தலையைக் கலைத்தது, யாரோ அவரைத் தூக்கவும் பார்த்தார்கள். "எங்க இல்போ! எங்க இல்போ!" அவர் நிமிர்ந்து பார்த்தபோது வில்யா அவரைப் பார்க்கவில்லை. மேடையின் ஓரத்திலிருந்து கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு பாட்டுக்கு அசைந்தது. கண்கள் எண்ணிக்கொண்டிருந்தன. இவர் இருந்த இடத்துக்கு வந்தபோது அவை நின்றன, ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டன, நகர்ந்தன.

கடைசி ஒயரைச் சுருட்டும்வரை இல்போ அங்கேயே நின்றார்.

ஞாயிறு முழுவதும் எழுதினார். ரெக்கார்டை மூன்று தடவை, நாற்பத்தைந்தில் கேட்டார். மாலையில் அவர் மனைவி துய்ரே எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பக்கத்துக்கு ஒரு நாளா?"

"ரெண்டாவது பத்தி நிக்க மாட்டேங்குது."

அவள் தோளுக்கு மேலாகப் படித்தாள். "சாசேஜ்னு எழுதணுமா? 'வெளியே போயிருந்தேன்'னு போட்டா போதாதா?"

"வெளியன்னா உடம்பு சரியில்லன்னு நெனச்சுப்பாங்க."

"பேருந்துல சொன்னது எதுக்கு? அது அச்சுல வந்த பொய் இல்லியே."

"அதத்தான் முதல்ல எழுதினேன்."

அவள் நாற்காலியை இழுத்து அவர் அருகில் உட்கார்ந்தாள். சுத்தமாக ஒரு படி எடுக்க அவருக்கு நான்கு தாள்கள் வீணாயின. பழைய நான்கு கச்சேரிகளின் பெயரும் தேதியும் அதில் இருந்தன. கடைசியில், இரண்டு விதிகளையும் முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிடும்படி ஒஸ்மோவுக்கு ஒரு குறிப்பு எழுதினார். புது விமர்சனம் மூன்றாவது பத்தியில்தான் தொடங்கியது. ரெக்கார்டில் குழு எண் போடாததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை காலை சந்தைச் சதுக்கத்து நிறுத்தத்தில் வண்டிக்கு ஆறு நிமிட ஓய்வு. இல்போ இறங்கி ரொட்டிக் கடைக்கு நடந்தார். வில்யா முழங்கை வரை மாவோடு, சிறு மீன்களைக் கம்பு மாவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஒண்ணு கட்டித் தரவா?"

"வேண்டாம். இது இன்னைக்கு அச்சுக்குப் போகுது. ஒஸ்மோ போடறேன்னுட்டான், திட்டிக்கிட்டே. அதுக்கு முன்னாடி நீ படிக்கணும்."

"வேகமா, ஏப்ரலா?"

"ஏப்ரல். அப்புறம் அன்னைக்கு வண்டியில நான் சொன்னது."

அவள் அவரைப் பார்த்தாள். "நான்தான் சொல்ல மாட்டேன்னு சொன்னேனே."

"ஆமா. அது உன் வேலையில்ல."

வெளியே யாரோ பேருந்தின் கதவைத் தட்டினார்கள். இல்போ திரும்பவில்லை. இரண்டாக மடித்த தாளை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றார். வில்யா மேலங்கியில் ஒரு கையைத் துடைத்தாள், போதவில்லை என்று மறுபடி துடைத்தாள், தாளை அதன் விளிம்பில் பிடித்து வாங்கிக்கொண்டாள்.