கேட்கிற ஆளின் அட்டை

லண்டனில், எங்கள் இல்ஃபோர்ட் மருந்துக்கடையில் மருந்து எடுத்துத் தரும் பெண்ணுக்கு ஒரு பழக்கம். ஆறு வருடமாக என்னைத் தெரிந்திருந்தும், பையைக் கையில் தருமுன் பெயரையும் விலாசத்தையும் கேட்பார். "தெரிஞ்ச ஆளெண்டாலும் கேக்கத்தான் வேணும் அங்கிள்" என்பார். குட்டையான உருவம், இறுக்கிக் கட்டிய கொண்டை, சிரிக்காத முகம். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, ரயில் மேடையில் பிரிட்டிஷ் இராணுவச் சீருடையில் ஒருவர் என்னை நோக்கி வந்தார். யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை காட்டிப் பழகிய என் கை, தானாகவே சட்டைப்பைக்குள் போய் பஸ் பாஸை எடுத்து நீட்டிவிட்டது. கிட்ட வந்த பிறகுதான் ஆளைத் தெரிந்தது. மருந்துக்கடைப் பெண்!

"நான் கேக்கேல்லையே அங்கிள், உள்ளுக்கை வையுங்கோ" என்றார். பகுதிநேர இராணுவப் பொலிஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாராம். வார இறுதிப் பயிற்சிக்குப் போகிறார்.

"நீரும் ஆமியோ, பிள்ளை?" என் குரல் கசந்தே வந்தது.

"ஆமிக்காரர் பிழை விட்டால் அவையளைப் பிடிச்சு விசாரிக்க ஆக்கள் வேணுமெல்லோ? அந்த வேலைதான்."

பிறகு தன் அடையாள அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "விசாரிக்கிற ஆள்தான் முதலிலை தான் ஆரெண்டு காட்டவேணும். அப்பிடித்தான் எங்களுக்குச் சொல்லித் தருகினம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரையும் படத்தையும் ஆறுதலாகப் பார்த்தேன். ரயில் வந்து நின்றது. அவர் கையை நீட்டி அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை, நான் பார்த்து முடிக்கும்வரை நின்றார்.

எத்தனையோ ஆமிக்காரர் என் அட்டையைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஆமிக்காரரின் அட்டையை நான் பார்த்தது அன்றுதான்.