செலின் மிஸ் கை உயர்த்தினால்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. திரையில் செலின் மிஸ்ஸின் பெயர். மூன்று நாளாகக் காய்ச்சல் என்று நடைக்கு வராதவர், "நாளைக்கு வாரேன், வாசல்ல நில்லு" என்று முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்லியிருந்தார். நான் என்றைக்கும் தாமதமாகப் போகிறவள். திட்டு விழுவதற்கு முன்னால் முந்திக்கொண்டு, "கெளம்பிட்டேன் மிஸ், ரெண்டே நிமிஷம்" என்றேன். ஆனால் பேசியது அவருடைய தங்கை பிலோமினா. "அக்கா தூக்கத்துலயே போயிருச்சு" என்றார். நான் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

ஒற்றைக் காலில் ஷூவோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. முதலில் வந்தது அழுகை இல்லை, பயம்தான். சில வருடங்களாக நான் பயந்துகொண்டிருந்த போன் இது. பிலோமினா சட்டென்று வைத்ததில் கோபம் இருந்ததாகவே எனக்குப் பட்டது. அந்தக் கோபத்துக்கு என்ன காரணமாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லாவிட்டால் இந்த அஞ்சலி பாதிப் பொய்யாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செலின் மிஸ் திண்டுக்கல்லில் எங்கள் பெண்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. நான் அமுதா, அதே பள்ளியில் அலுவலக எழுத்தர். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். திருமணம் செய்துகொள்ளாமல் தங்கை குடும்பத்தோடு இருந்தார். தினமும் விடிந்ததும் மலைக்கோட்டை அடிவாரத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். கழுத்தில் நீலக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். அதை யாரும் தொடக்கூடாது. "விசிலும் பல்லு வெளக்குற பிரஷ்ஷும் ஒண்ணு, அடுத்த வாய்க்குப் போகப்பிடாது" என்பார். அவர் ஊதினால் மணிக்கூண்டு வரைக்கும் கேட்கும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

என்னைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "ஏம்மா அமுதா, நீ நடந்து நான் பாத்ததே இல்லையே. பொறக்கும்போதே நாற்காலியோட பொறந்தியா?" என்பார். சர்க்கரை வந்த பிறகும் நான் அசைந்தபாடில்லை. "நாளையில இருந்து நடக்குறேன் மிஸ்" என்று சொல்லிவைப்பேன். "ஒன் நாளைக்கெல்லாம் காலண்டர்ல தாளே கெடையாது" என்று போய்விடுவார். கோபித்தவரில்லை. உடம்பைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தணிந்துவிடும். "உடம்பு குதிரை இல்ல, சாட்டையால அடிச்சு ஓட்டுறதுக்கு. அது மாடு. தட்டிக் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று மாணவிகளிடம் சொல்வார்.

கொரோனா வந்து பள்ளி மூடியதும், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு அவருடைய குரல் வரும். "எல்லாரும் மாடிக்குப் போங்க. முட்டி வலிக்கிறவுங்க மெதுவா நடங்க. அமுதா, நீயுந்தான்." எனக்குப் பயம் என்பது சர்க்கரை மாதிரி, பரம்பரையாக வந்தது. கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டாலும் கை கழுவினேன், பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். நடக்க மட்டும் இல்லை.

இவ்வளவு பயந்த நான், இரண்டாம் அலையின்போது வத்தலக்குண்டில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனேன். ஆளைக் குறைத்துத்தான் நடத்தினார்கள். சொந்த அக்கா, போகாமல் இருக்க முடியுமா? முந்தின நாள் பெண்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து மருதாணி வைத்துக்கொண்டோம். எனக்குப் பத்து விரலும் சிவந்தது. ஊர் திரும்பிய நாலாம் நாள் எனக்கும் என் கணவருக்கும் காய்ச்சல். பரிசோதித்ததில் இருவருக்கும் இருந்தது. வீட்டிலேயே படுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை தெருவில் செலின் மிஸ்ஸின் ஸ்கூட்டி வந்து நின்றது. கேட்டில் ஒரு பையை மாட்டினார். உள்ளே கஞ்சி, ஒரு தூக்கில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம், நத்தம் மாம்பழம் நாலு. "மாம்பழம் ஒன் வீட்டுக்காரருக்கு. நீ தொட்ட, அம்புட்டுத்தான்" என்று தெருவிலிருந்தே சொன்னார். கூடவே அவருடைய ஆக்சிமீட்டர், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் அந்தச் சின்னக் கருவி. அன்றிலிருந்து தினமும் ஒரு சடங்கு. அவர் தெருவில் நின்று விசில் ஊதுவார். நான் கூடத்தில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். மறுபடி விசில். உடனே விரலில் மாட்டிப் பார்த்து, ஜன்னல் வழியாக எண்ணைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் ஏதோ போட்டி நடக்கிறது என்று நினைத்தாராம்.

ஐந்தாம் நாள் கருவி தொண்ணூற்றொன்று காட்டியது. தொண்ணூற்று நான்குக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எல்லாரும் சொன்ன காலம் அது. ஆனால் மருதாணி வைத்த விரலில் அது குறைத்துக் காட்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பிடித்துக்கொள்ள அது போதுமாயிருந்தது. மருதாணி செய்த தப்புக்கு நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? "தொண்ணூத்தாறு மிஸ்" என்றேன். ஆறாம் நாள் எண்பத்தொன்பது. அன்றும் தொண்ணூற்றாறு என்றே சொன்னேன். ஏழாம் நாள் பதில் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினேன்.

"ஏன் நிறுத்தி நிறுத்திப் பேசுற? மெஷினோட கைய ஜன்னல்ல காட்டு" என்றார். காட்டினேன். அவ்வளவு தூரத்திலும் விரலின் சிவப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அதுல நெசமா என்ன காட்டுது?"

"எண்பத்தஞ்சு. மருதாணி மிஸ், அதான் அப்பிடிக் காட்டுது."

"கால்ல வச்சியா மருதாணி?"

"இல்ல மிஸ்."

"அப்ப கால் கட்டவெரல்ல மாட்டு."

மாட்டினேன். எண்பத்து நான்கு.

அந்த எண்ணைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எல்லா வண்டியும் ஓட்டத்தில் இருந்த நாட்கள் அவை, எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. என் கணவரால் எழுந்து நிற்க முடியவில்லை. செலின் மிஸ் ஒரு நிமிடம் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு வாரமாகத் தாண்டாத அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்தார். "ஏறு வண்டில. என்னய நல்லாக் கட்டிப் பிடிச்சுக்க" என்றார்.

அரசு மருத்துவமனை வரைக்கும் அவர் தோளில் சாய்ந்தபடி போனேன். என் முகக்கவசம் நழுவிக் கழுத்தில் கிடந்தது. வழியெல்லாம் இருமினேன், அவருடைய கழுத்துப் பக்கமாகவே இருமினேன். அது எனக்குத் தெரிந்தது. நிமிரத் தெம்பில்லை.

ஆக்சிஜன் வைத்து என்னைப் பிழைக்கவைத்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்த அன்று, பக்கத்து வார்டில் செலின் மிஸ் சேர்ந்திருப்பதாக நர்ஸ் சொன்னார். என்னை விட்டது போல அவரை லேசில் விடவில்லை. மூன்று வாரம் கிடந்தார். நாளுக்கு இரண்டு சுற்று மலையை ஓடியவர், வீடு திரும்பியபோது வாசலின் நாலு படியேற நடுவில் உட்கார்ந்தாராம்.

எனக்கு நடமாட்டம் வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது கேட்டுக்கு வெளியே நிற்பது என் முறை. விசில் இல்லாததால் கையைத் தட்டுவேன். பிலோமினா வந்து கேட்டைத் திறப்பார், என் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். முதல் நாள் செலின் மிஸ் இரண்டு நிமிடம்தான் நடந்தார். மறுவாரம் மூன்று. தனியாக நடக்க அவருக்கு வெட்கமாக இருக்குமே என்று நானும் கூட நடந்தேன். நாற்காலியோடு பிறந்தவள் நடக்கத் தொடங்கியது அப்படித்தான். முற்றத்திலிருந்து தெரு, தெருவிலிருந்து மலையடிவாரம் என்று போக மூன்று மாதம் ஆயிற்று.

அவர் ஒரு தடவை இருமினால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. கைப்பையில் ஆக்சிமீட்டர் இல்லாமல் வெளியே வரமாட்டேன். ஒரு கேள்வி தினமும் நாக்கு நுனி வரை வரும். "மிஸ், அன்னைக்கு வண்டில..." என்று ஆரம்பிப்பேன். "பேசாம நட. பேச்சு மூச்சத் தின்னுரும்" என்பார். நானும் விட்டுவிடுவேன். பதிலுக்குப் பயந்து, அவர் நிறுத்தச் சொன்னதும் சந்தோஷமாகவே நிறுத்திக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

பள்ளி திறந்தது. முதல் நாள் மைதானத்தில் மாணவிகளை வரிசையில் நிறுத்திவிட்டு விசிலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். முன்வரிசைப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்கிறார் என்று சிரித்தார்கள். அலுவலக ஜன்னலில் நின்ற நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் மணியின் சுவிட்சை அழுத்தினேன். பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அது எங்கள் இருவருக்குள் ஓர் ஏற்பாடாயிற்று. வேப்பமரத்தடியில் நின்று அவர் வலது கையை உயர்த்துவார், நான் மணியை அழுத்துவேன். "நேரங்கெட்ட நேரத்துல பெல் அடிக்குதே, என்னம்மா?" என்று தலைமையாசிரியை கேட்டார். "சுவிட்சு லூஸா இருக்குங்க" என்றேன். விசில் ஊத முடியாத பி.டி. மிஸ்ஸை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற கவலை செலின் மிஸ்ஸுக்கு இருந்தது. அவர் சொல்லவில்லை, ஆனால் விசிலை ரவிக்கைக்குள் போட்டு மறைக்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்த வருடம் ஒருநாள் காலை, மலைக்குப் பின்பக்கம் திரும்பும் இடத்தில் நின்றார். விசிலை எடுத்து ஊதினார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. நான் கைப்பையைத் திறந்தேன். "அத உள்ள வையி. வந்துருச்சுல்ல, அப்பறம் என்ன?" என்றார். ஓட்டம் மட்டும் அவருக்குத் திரும்பவேயில்லை. மணி ஏற்பாட்டையும் அவர் கைவிடவில்லை. விசில் சத்தம் திரும்பிய பிறகும் சாயங்காலம் கடைசி வகுப்பு முடிகையில் கையைத்தான் உயர்த்துவார். "நீ சும்மா உக்காந்திருக்கக் கூடாதுல்ல" என்பார்.

இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அன்றைய கொரோனா உள்ளே விட்டுவிட்டுப் போனதன் வேலையா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதில் எனக்கு எந்தப் பக்கமும் உதவவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும் பிலோமினா என்னை நோக்கி வந்தார். இனிமேல் ஒளிய இடமில்லை என்று நின்றேன்.

"ஒங்க மேல எனக்கு ரொம்ப நாளாக் கோவம்" என்றார். "ஒங்கள வண்டில ஏத்துனதுலதான் அவளுக்கு வந்துச்சு. ஆஸ்பத்திரில இருந்து வந்தன்னைக்கே கேட்டேன், ஏன்க்கா ஏத்துன, தெரியாதா ஒனக்குன்னு. என்ன சொன்னா தெரியுமா?"

அவரே தொடர்ந்தார்.

"தெரிஞ்சுதான்டி ஏத்துனேன்னா. 'எனக்கு வந்தா நான் நடந்து சரி பண்ணிக்கிருவேன். இது ஓடி வளத்த ஒடம்பு, தாங்கும். அவ ஒரு நாளும் நடக்காதவ, செத்துப்போவா'ன்னா. அம்புட்டு நம்பிக்கை அவ ஒடம்பு மேல." பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒங்கள நடக்க வச்சிட்டான்னு அம்புட்டுப் பெருமை அவளுக்கு. நிறுத்திறாதீங்க."

நான் கேட்கப் பயந்த கேள்விக்குப் பதில் அந்த வீட்டு முற்றத்தில் அத்தனை வருடமும் இருந்திருக்கிறது. என்னால்தான் வந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. மன்னிப்பு என்ற ஒன்றை நான் கேட்கவேயில்லை. இப்போது எழுத்தில் கேட்கிறேன், மிஸ்.

நேற்றுப் பள்ளியில் இரங்கல் கூட்டம். மாணவிகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். "ஒரு நிமிஷம் மௌனம், முடிஞ்சதும் பெல் அடிங்கம்மா" என்று தலைமையாசிரியை என்னிடம் சொல்லியிருந்தார். ஜன்னலருகே சுவிட்சில் விரலை வைத்து நின்றேன். கண் தானாக வேப்பமரத்தடிக்குப் போயிற்று. ஒரு நிமிடம் முடிந்தது. இன்னொரு நிமிடமும் முடிந்திருக்கும். பிள்ளைகள் கால் மாற்றி நின்றார்கள். தலைமையாசிரியை திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கை உயரட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நானாகவே அழுத்தினேன்.

போய் வாருங்கள், மிஸ். நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு மலையடிவாரத்தில் இருப்பேன். தாமதமாக வரமாட்டேன்.