மசாலாவில் கலந்த நெய்

என் மனைவி போன பிறகு வீட்டில் அடுப்பு எரிவது குறைந்துவிட்டது. எனக்குச் சாதம் வடிக்கத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும். ஆனால் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்றாம் மாடி வீட்டில், ஒரே ஆளுக்காகக் குக்கரை ஏற்றிவிட்டு விசிலுக்காக நிற்பது என்னால் முடியாமல் போயிற்று. காலையில் ஓட்டல், மதியம் மெஸ், ராத்திரி இரண்டு வாழைப்பழம் என்று ஆயிற்று என் நாள். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வேளாவேளைக்குப் போக வேறு இடமும் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். அடையாறில் ஒரு கட்டட வடிவமைப்பு ஆபீசில் வேலை. அங்கேயே இரண்டு தோழிகளோடு வாடகைக்கு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தி. நகரில் ஒரு சைவ ஓட்டலில் நாங்கள் இருவரும் சந்திப்பது என்று பேச்சில்லாமலே ஒரு வழக்கம் வந்தது. கீழே சாதா ஹால், மேலே ஏசி. நாங்கள் கீழேதான் உட்காருவோம். அங்கே சத்தம் அதிகம். பேச்சு நின்றுபோனாலும் அது தெரியாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்த காப்பியை அவள் என் பக்கம் தள்ளினாள்.

“இனிமே பால் வேண்டாம்ப்பா. தயிர், மோர், நெய், எதுவும் வேண்டாம்.”

“உடம்புக்கு ஏதாவது பண்றதா?”

“அதெல்லாம் இல்லே.” டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். தோழிகளோடு ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப்பண்ணைக்குப் போயிருக்கிறாள். அங்கே செத்த கன்றுக்குட்டியின் தோலில் வைக்கோலை அடைத்துத் தாய்ப்பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தார்களாம். பசு அதை நக்கிக்கொண்டே பால் கொடுத்ததாம். “அது நக்கறதுப்பா. நிஜக் கன்னுன்னு நினைச்சுண்டு நக்கறது.”

“இதுல என்ன புதுசு? நான் சின்னவனா இருக்கச்சே நம்ம தெருவுக்கே வரும். பால்காரர் ஒரு கையில பசுவைப் பிடிச்சுண்டு, இன்னொரு கையில அந்த வைக்கோல் கன்னைத் தூக்கிண்டு வருவார்.”

“பாத்துட்டு என்ன பண்ணினே?”

“காப்பி சாப்பிட்டேன்” என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

எங்களுக்கு வழக்கமாகப் பரிமாறும் சப்ளையர் ஐம்பது வயதுக்காரர், திருநெல்வேலிப் பக்கம். எட்டு தோசைத் தட்டுகளை ஒரே கையில் அடுக்கி வருவார். என் மகள் அவரை ‘அண்ணா’ என்பாள். வீகன் என்று அவள் சொன்னபோது அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“ஜெயின் மாதிரியாம்மா? வெங்காயம், பூண்டு போடாம?”

“அதெல்லாம் போடலாம்ண்ணா. பாலும் நெய்யும்தான் கூடாது.”

அவர் உள்ளே போய் மாஸ்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு வந்தார். “இட்லி சாப்பிடுங்க. தோசை எண்ணெயில போடச் சொல்லுதேன். தேங்காய்ச் சட்னி, சாம்பார் சரி. பொங்கல் வேண்டாம், கேசரி வேண்டாம். உப்புமாவுலயும் கடைசியில ஒரு கரண்டி நெய் விடுவாங்களாம், அதுவும் வேண்டாம்.” அதிலிருந்து அவள் வரும் நாளெல்லாம் மசாலா தோசை, எண்ணெயில். அவரே நின்று பார்த்து எடுத்துவருவார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் அம்மாவின் வருஷ திதியன்று பாயசத்தைத் தொடவில்லை, நெய் விட்ட பருப்பைத் தொடவில்லை. வெறும் சாதத்தில் ரசத்தை விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இலையை மூடினாள். வந்திருந்த உறவினர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்தேன். தலைமுறை தலைமுறையாக மாமிசம் தொடாதவர்கள் நாங்கள். அதிலேயே எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. அதையும் போதாது என்று சொல்லும் பெண் எங்கள் வீட்டிலேயே பிறந்துவிட்டாளே என்றிருந்தது.

கோபம் போய்ப் பயம் வந்தது பிறகுதான். அவள் இளைத்துக்கொண்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையைத் தூக்கியபோது கடிகாரம் மணிக்கட்டிலிருந்து நழுவி முழங்கை வரை போயிற்று. என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வளையல்கள் அப்படித்தான் போகும். ஒவ்வொரு முறையும் மறு கையால் கீழே தள்ளிவிட்டுக்கொள்வாள். நான் என் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தேன்.

“டாக்டரைப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“ரத்த டெஸ்ட் பண்ணியாச்சுப்பா. மாத்திரை எடுத்துண்டிருக்கேன். ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, அவ்ளோதான்.”

நான் நம்பவில்லை.

அடுத்த வாரம் அரை மணி முன்னதாகவே போனேன். சப்ளையரைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“குழந்தை ரொம்ப இளைச்சுப் போறா. அந்த உருளைக்கிழங்கு மசாலாவுல ஒரு ஸ்பூன் நெய் கலந்து வைங்கோ. அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

அவர் தயங்கினார். தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். “அந்தப் பிள்ளை வேண்டாங்குதே சார்.”

“அவ அம்மாவும் இப்படித்தான் இளைச்சு இளைச்சுப் போனா.”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. “எனக்கும் ஒரு மக இருக்கா சார். பாத்துக்கிடுதேன்” என்றார்.

அன்று அவள் தோசையைப் பிய்த்து மசாலாவோடு சேர்த்து வாயில் வைக்கும்வரை நான் என் தட்டைத் தொடவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஹாலே எப்போதும் நெய் மணத்தில்தான் இருக்கும். மணம் எந்தத் தட்டிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நெய் என்பது கொழுப்பு அமிலங்களின் கூட்டு, அதில் பசுவும் இல்லை கன்றும் இல்லை என்று வகுப்பில் சொல்வதுபோல் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஐந்து மாதம் இது நடந்தது. அவள் முகம் கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்தது. அது நெய்யாலா, ஆபீஸ் வேலை குறைந்ததாலா, என் கண்ணாலா, தெரியாது.

“மெட்ராஸ்ல எத்தனையோ இடத்துல சாப்பிட்டாச்சு. இங்க மட்டும் மசாலா என்னமோ தனியா இருக்குப்பா” என்று ஒரு நாள் சொன்னாள். நான் சாம்பாரைக் கேட்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மசாலாவை அவள் அவ்வளவு நம்பினாள் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொடுத்தது. அவளைப்போலவே பால் நெய் தொடாத நாலு தோழர்களை ஒரு வார நாள் மதியம் அங்கே அழைத்துப் போயிருக்கிறாள். என் சப்ளையரின் மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, “அண்ணா, எனக்கு ஞாயித்துக்கிழமை தர்ற அதே மசாலா தோசை, அஞ்சு” என்றிருக்கிறாள். அவர் ஆர்டர் எழுதவில்லை. நின்றிருக்கிறார். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் மயிலாப்பூருக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், தோளிலிருந்த பையைக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் நின்றாள்.

“எத்தனை நாளாப்பா?”

எதை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்க முகம் இல்லை. “அஞ்சு மாசம் இருக்கும்” என்றேன்.

“அஞ்சு மாசமா எதிர்ல உக்காந்து பாத்துண்டிருந்தியா? நான் சாப்பிடறதை?”

“உன் நல்லதுக்குத்தான். நீ இளைச்சுண்டே வந்தே. எனக்குப் பயமா இருந்தது.”

“பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லணும். வாயில கலந்து போடக் கூடாது.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், எல்லாம் சண்டையாகப் போயிருக்கும். “அம்மாகிட்டயும் இதையேதான் பண்ணினே.”

இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். என் மனைவிக்கு வயிற்றில் புற்று. டாக்டர் என்னைத் தனியே அழைத்து ஆறு மாதம் என்றார். நான் அவளிடம் அல்சர் என்று சொன்னேன். அவள் மூன்று முறை என்னைக் கேட்டாள். மூன்று முறையும் அல்சர்தான் என்றேன். மகளையும் அப்படியே சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு வாரம் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. “பாண்டி பஜார் பக்கம் போய் ஒரு ரவா தோசை சாப்பிட்டுட்டு வரலாமா? நாக்கு செத்துப்போச்சு” என்றாள். “அல்சர் ஆறட்டும், அடுத்த மாசம் போலாம்” என்றேன். “சரி, ஆறட்டும்” என்று அவளும் சமாதானமாகிவிட்டாள். அடுத்த மாதம் அவளால் தண்ணீரே விழுங்க முடியவில்லை.

“தெரிஞ்சிருந்தா அம்மா அன்னிக்கே போயிருப்பா” என்றாள் மகள். “ஆட்டோ பிடிச்சுத் தனியாவாவது போயிருப்பா. நீ அவளைக் காத்துண்டிருக்க வெச்சுட்டே. என்னையும் பொய் சொல்ல வெச்சே.”

அவள் சமையலறைக்குப் போய்க் குழாய் நீரில் வாயைக் கொப்புளித்தாள். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. மதியம் எதுவுமே சாப்பிட்டிருக்க மாட்டாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் ஓட்டலுக்குப் போனேன். சப்ளையர் என்னைக் கண்டதும் கையிலிருந்த தட்டுகளை அவசரமாகப் பக்கத்து மேசையில் வைத்தார்.

“மன்னிச்சுக்கிடுங்க சார். நீங்க இருக்கையில தட்டை வெச்சிட்டுப் போயிருவேன். அன்னிக்கு அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் கேட்டுச்சு. பொய் வரல்லே.”

“நீங்க மன்னிப்புக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லே” என்றேன். அவர் கேட்காமலே எனக்கு ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியாமல் எழுந்து வந்தேன்.

இரண்டு மாதம் அவள் வரவில்லை. போன் செய்தால் எடுப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள். அடையாறில் பால் நெய் சேர்க்காத உணவகம் ஒன்று இருப்பதாகத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே வரச் சொன்னேன். ஒரு பழைய வீட்டின் மாடி. மரப் பலகை மேசைகள், தொட்டியில் செடிகள், என் வயதுக்காரன் நான் ஒருவன்தான். வேர்க்கடலைப் பாலில் தயிர் தோய்த்துச் செய்த தயிர்சாதம் இருந்தது. இரண்டு சொன்னேன்.

“ஒண்ணு போதும். நான் சாப்பிட்டுட்டு வந்துட்டேன்” என்றாள்.

“இங்க எல்லாமே பால் நெய் இல்லாததுதானே? சந்தேகமே வேண்டாமே?”

“சந்தேகம் இல்லேப்பா. நீ சாப்பிடு.”

சாப்பிட்டேன். கடலை வாசனை முன்னால் வந்தது, புளிப்பு பின்னால் வந்தது. கடுகும் இஞ்சியும் இல்லாவிட்டால் இறங்கியிருக்காது. ஆனால் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

“கோபம் எல்லாம் போயிடுத்து” என்றாள். “நிஜமாச் சொல்றேன். உனக்கு எதிர்ல உக்காந்து வாய்கிட்டக் கொண்டுபோனா உள்ளே ஒண்ணு இறுக்கிக்கறது. நானா பண்ணலை. எப்பப் போகும்னும் தெரியலை.”

அதன் பிறகும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். லஸ் பக்கம் பூங்காவில் இரண்டு சுற்று நடப்போம், மரத்தடியில் உட்காருவோம். ஆபீஸ் பற்றிச் சொல்வாள், வாடகை வீட்டு ஓனரைப் பற்றிச் சொல்வாள். பசிக்கும் வேளைக்கு முன்பாகவே எழுந்துவிடுவாள். நானும் ‘ஏதாவது சாப்பிடறியா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். பெண்ணைப் பெற்றவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி போய்விட்டால் மிச்சம் பேச அதிகம் இருப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் படுக்கை. எதிர்வீட்டுக்காரர் அவளுக்குப் போன் செய்துவிட்டார். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். வெகு நாள் கழித்து எங்கள் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கஞ்சி கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

நான் கரண்டியை எடுக்குமுன் அவளே சொன்னாள். “அரிசி, பயத்தம்பருப்பு, சீரகம், உப்பு. வேற ஒண்ணும் போடலை.”

“சரிம்மா” என்றேன்.

நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மாத்திரையின் பெயரைப் படித்துக் காட்டி, எதற்கு என்று சொல்லிவிட்டுத் தந்தாள். பிறகு தன் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.