தண்ணி குடிக்காத ஈபிக்காரர்

மயில்சாமி ஒருநாளைக்கு எத்தனை பொய் சொல்வார் என்று கேட்டால் அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் ஒரே பொய்தான். "இப்பத்தானுங்க குடிச்சுட்டு வாரேன்."

துடியலூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுக்கிற உத்தியோகம் அவருக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். "ஏனுங்க, ஈபிங்க!" என்று குரல் வரும். நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே, வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், பிறகுதான் மற்ற பேச்செல்லாம். சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற மனுஷனைப் பார்த்தால் எந்த வீட்டம்மாவுக்கு மனசு கேட்கும்? சொம்போடு வருவார்கள். இவருக்கு நாக்கு வறண்டு மேலே ஒட்டிக் கிடக்கும். ஆனாலும் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார். தண்ணி குடிக்காத ஈபிக்காரர் என்று தெருவே பேர் வைத்துவிட்டது.

வீம்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது சும்மா வந்த வீம்பில்லை. சின்ன வயசில் அப்பாவோடு ஒரு தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். தாகம் என்று கேட்டதற்குப் பின்வாசலில் நிற்கவைத்து, குனிந்து கையேந்தச் சொல்லி, சொம்பு கைமேல் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அப்பா குனிந்து குடித்தார். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக மண்ணுக்குப் போனது. மகன் குடிக்கவில்லை. இனி அடுத்தவர் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று அன்றைக்கு வைத்த வைராக்கியம், அரசாங்க வேலை வந்து, சொந்தமாக ஓட்டு வீடு கட்டி, பூவாத்தாளைக் கல்யாணம் செய்த பிறகும் இறங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோகிற பாட்டில் காலை வெயில் ஏறுவதற்குள் காலியாகிவிடும். புதிதாக முளைத்த அந்தக் குடியிருப்புகளில் டீக்கடையும் கிடையாது. பாட்டிலை நிரப்பவும் யாரையாவது கேட்கத்தானே வேண்டும்? கேட்கமாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அடுத்த வாய்த் தண்ணீர்.

உடம்பு சும்மா விடுமா? தொண்ணூற்று நாலு கோடையில் முதுகுப்பக்கம் ஆரம்பித்து அடிவயிறு வரைக்கும் சுருட்டிப் பிடித்தது. சிறுநீரகத்தில் கல். எப்படியோ அந்தக் கல் தானாக வெளியே வந்துவிட்டது. அதற்குள் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். ஆபீசில் கூட வேலை பார்க்கும் ரங்கராஜ், "கல்லுங்கறதே கால்சியம்தானுங்க. பாலு, தயிரு, மோரு எதையும் தொட்டுப்போடாதீங்க" என்று அடித்துச் சொன்னார்.

மயில்சாமி அப்படியே கேட்டுக்கொண்டார். கட்டுத்தறியில் சொந்த மாடு நிற்கிறது. பூவாத்தாள் கறந்த பாலெல்லாம் சொசைட்டிக்குப் போனது. இவருக்குப் பாலில்லாத டீ. சோற்றுக்கு மோருக்குப் பதில் உப்பு தூக்கலாக ஊறுகாய். பசித்தால் கொறிக்கச் சட்டைப்பை நிறைய வறுத்த நிலக்கடலை. கல்லை விரட்டுகிறேன் என்று கல்லுக்கு விருந்து வைத்தார், பாவம்.

அடுத்த வருஷம் சித்திரையில், ஆமினா பீவி வீட்டு மீட்டர் பெட்டிக்குக் கீழேயே சுருண்டு விழுந்தார். கோட்டைமேட்டிலிருந்து புது வீடு கட்டிக் குடிவந்த குடும்பம் அது. ஆமினா பீவி போட்ட சத்தத்தில் அவள் புருஷன் கலீல் ரஹ்மான் ஓடிவந்து, ஆட்டோ பிடித்து, இவரை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பூவாத்தாள் வந்து சேரும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. கூடப் பிறந்தவர்கள் செய்கிற காரியம் அது. மயில்சாமி அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

டாக்டர் வெங்கடலட்சுமி ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு வழக்கத்தையெல்லாம் விசாரித்தார். கேட்கக் கேட்க அந்தம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"பாலையும் மோரையும் எதுக்குங்க நிறுத்துனீங்க? அது சோத்தோட சேந்து உள்ள போனா, கல்லாகற சத்த வயித்துலயே புடிச்சு நிறுத்திக்கும், கிட்னிக்கு உடாது. நீங்க காவக்காரனைத் தொரத்திப்போட்டுத் திருடனைக் கூப்புட்டு உக்கார வெச்சிருக்கீங்க! அந்தத் திருடன் நிலக்கடலையிலயும் கருப்பு டீயிலயும்தான் அதிகம். உப்பும் ஆகாது. பழையபடி மோரு குடிங்க, ஊறுகாயக் கொறைங்க. எல்லாத்துக்கும் மேல தண்ணி."

"குடிக்கறனுங்க."

"எங்க குடிக்கறீங்க? மீட்டர் பாக்கறவர்தானே நீங்க? ஒண்ணுக்குப் போறப்ப கலரைப் பாருங்க, அதுதான் உங்க மீட்டர். தண்ணியாட்டம் வெளுப்பா போகோணும். இன்னொரு சின்னக் கல்லு உள்ளயே உக்காந்திருக்குது. தண்ணி குடிச்சா வந்துரும். இல்லீனா பெருசாகி ஆபரேசன்லதான் வந்து நிக்கும்."

ஆபரேஷன் என்றதும் பூவாத்தாள் அழுதே விட்டாள். மகள் இளவேனில் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். மயில்சாமி மோருக்குத் திரும்பினார், கடலையை விட்டார், இன்னொரு பாட்டிலும் எடுத்துக்கொண்டார். அதுவும் மத்தியானத்துக்குள் தீர்ந்தது. வாசலில் நின்று வாங்கிக் குடிக்க மட்டும் மனசு வரவில்லை.

ஆனியில் மறுபடி ஆமினா பீவி வீட்டு முறை வந்தது. மீட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவள் கண்ணாடி கிளாஸில் தண்ணீரோடு நிற்கிறாள். பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இப்பத்தானுங்க குடிச்சுட்டு வாரேன்."

அவள் முகம் சட்டென்று விழுந்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி, ஒண்ணு கேக்கறேன். எப்ப வந்தாலும் வேண்டாங்கறீங்க. டாக்டரம்மா அத்தன சொல்லியும் வேண்டாங்கறீங்க. எங்க ஊட்டுத் தண்ணிங்கறதாலயா?"

மயில்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. அட கடவுளே! யாருக்கும் கையேந்தக் கூடாது என்று இத்தனை வருஷம் தான் காத்த மானம், இந்த அம்மாளுக்கு அவமானமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதே! தனக்குச் செய்ததையே தான் இன்னொருத்திக்குச் செய்துகொண்டிருந்தோமா? மடியில் போட்டுத் தூக்கிப்போன வீட்டுக்கா?

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க அக்கா!" கிளாஸை வாங்கி, வாய் வைத்து, ஒரே மூச்சில் குடித்தார். "இன்னொரு கிளாஸ் குடுங்க." அதையும் குடித்தார். பிறகு படியில் உட்கார்ந்து, பூவாத்தாளைத் தவிர யாரிடமும் சொல்லாத அந்தத் தோட்டத்துக் கதையைச் சொன்னார். ஆமினா பீவி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நம்ம ஊட்டுல பாட்டிலும் ரொப்பிக்கோணும் நீங்க" என்றாள்.

அதற்கப்புறம் வாய் கூசவில்லை. கொடுத்த வீட்டிலெல்லாம் வாங்கிக் குடித்தார். ஒன்றிரண்டு வீடுகளில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, அவருக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. அங்கே "வேண்டாங்க" என்று நேராகச் சொன்னார். பொய் சொல்வதை விட்டுவிட்டார்.

தொண்ணூற்றாறு மாசியில் ஒருநாள் காலையில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கல் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கால் தரையில் பாவவில்லை மயில்சாமிக்கு. அன்றைக்கு முறையும் ஆமினா பீவி தெருவாகவே அமைந்தது. செய்தியைக் கேட்டதும் "அல்லா காப்பாத்துனான்!" என்று உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் உதடு வெடித்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். ரமலான் மாதம்.

"நோம்புல இருக்கறீங்க. உங்க முன்னாடி நானு எப்படிங்க குடிக்கறது?"

"நோம்பு எனக்குத்தானுங்க தம்பி, உங்களுக்கில்ல. வெயில்ல வந்தவருக்குத் தண்ணி குடுக்காம நோம்பு புடிச்சு என்ன பண்றது? குடிங்க."

கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பூவாத்தாளிடம், ஆமினா பீவி வீட்டுக்குக் கொண்டுபோகச் சாயங்காலம் கறக்கிற பாலைக் காய்ச்சித் தூக்குப்போசியில் ஊற்றச் சொன்னார். அவள் தயங்கினாள்.

"சொசைட்டிக்கு ஊத்தற பாலை ஊரே குடிக்குது. ஆருதுன்னு தெரியாது, குடிக்கறாங்க. நம்முளுதுன்னு தெரிஞ்சு வாங்கிக்குவாங்களாங்க?"

"வாங்கிக்குவாங்க" என்றார். சைக்கிளை மிதிக்கும்போது அவருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கத்தான் செய்தது.

போய்ச் சேர்ந்தபோது வீட்டில் எல்லாரும் நோன்பு திறக்கப் பாங்கு சத்தத்துக்குக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். பேரீச்சம்பழம், கஞ்சி எல்லாம் தயாராக இருந்தன. ஆமினா பீவி போசியைக் கையில் வாங்கித் திறந்து பார்த்தாள். இவர் தண்ணீர் குடித்த அதே கிளாஸில் ஊற்றி முன்னால் வைத்துக்கொண்டாள். பாங்கு சொன்னார்கள். அவள் ஒரு பழத்தை வாயில் போட்டாள். பகல் முழுக்கத் தண்ணீர் படாத தொண்டைக்கு முதல் மிடறாக மயில்சாமி வீட்டுப் பாலைக் குடித்தாள்.

"பாலு நல்லா இருக்குதுங்க தம்பி. பூவாத்தாகிட்டச் சொல்லுங்க" என்றாள்.