ரோஸ்லின் அவிழ்த்த கயிறு

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸிலிருந்து ரோஸ்லின் இறங்கவில்லை. கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைப் பார்த்து, "ஆயா, அந்தம்மா நேத்து சாயங்காலம் மார் வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். அவ்ளோதானாம்," என்றார். பஸ் போய்விட்டது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதற்காகத்தான் நான் அன்றைக்கு ரோட்டுக்கு வந்து நின்றிருந்தேன். ஒரு புளி சீசன் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவள் நான். பேசலாம் என்று வந்த அன்றைக்கு அவள் இல்லை.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். மலையடிவாரத்துச் சந்தவாசல்காரி. வாரம் ஒரு நாள் மலையேறி வந்து கை வலி, முதுகு வலிக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு மகள் வயசு. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது, எழுத்தில் பிழை இருக்கும். ஆனால் யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் நின்று சொன்னார்கள் என்பதில் பிழை இருக்காது.

அவளை முதலில் பார்த்தபோது என் வலது கை மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஏழு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த வருடம் புளி தட்ட ஆரம்பித்து ஒரு மாதத்தில் விரல்கள் மரத்துப்போயின. தூக்கத்தில் எழுந்து கையை உதறுவேன். எங்கள் ஊரில் குறி சொல்கிறவர், இது வாதம், தோளுக்கு ஏறினால் வாய் கோணும் என்றார். பாம்பு கடித்தால் விஷம் ஏறாமல் கட்டுகிறோமே, அந்தக் கணக்கில் கயிற்றை மந்திரித்துக் கட்டிவிட்டார். ஏறக்கூடாது என்று நானே இன்னும் இரண்டு முறை இறுக்கினேன்.

"இன்னா ஆயா இது, கை ஊதிக் கீது?" என்றாள் ரோஸ்லின்.

"மதமதப்பு ஏறாம கட்டிக்கினு கீறேன். அறுத்தியானா உன் கைய ஒடச்சிருவேன்."

"நான் ஏன் அறுக்கறேன், சாமிது ஆச்சே. எந்த வெரலு மரத்துப்போவுது, அத்த மட்டும் சொல்லுங்க."

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றேன். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை.

"அப்ப இது வாதமாட்டம் தெரியல ஆயா. மணிக்கட்டுல சின்ன சந்து ஒண்ணு கீது. அதுக்குள்ளதான் இந்த வெரலுங்களுக்கு நரம்பு போவுது. தட்டித் தட்டி அங்க வீங்கி, நரம்ப நசுக்குது. நீங்க மேல வேற கட்டி நசுக்கறீங்க. பாம்புக்கே இப்ப கட்டக் கூடாதுங்கறாங்க."

சாமி கோபித்துக்கொள்ளும் என்றேன். அவள் தன் கழுத்து ஜெபமாலையை வெளியே எடுத்துக் காட்டினாள். "எங்க சாமி கழுத்துலதான் கீது. உங்க சாமிக்கு மட்டும் மணிக்கட்டுதான் வேணுமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தரிக்கோலைத் தொடாமல், நகத்தால் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து, நீட்டி, என் கழுத்தில் கட்டினாள். அரை மணி நேரம் ஆனது.

அடுத்த வாரம் வந்தவள் மருந்து எதுவும் தரவில்லை. "நீங்க இன்னா பண்றீங்கன்னு தெரியாம நான் இன்னா சொல்றது?" என்று எங்களோடு புளி தட்ட உட்கார்ந்துவிட்டாள். பழத்தைக் கல்லில் வைத்துச் சின்னக் கட்டையால் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். எங்கள் பெண்கள் விடுவார்களா? "யம்மா, நீ தட்டற வேகத்துக்கு அடுத்த வருசத்துப் புளியே வந்துரும்!" என்றாள் ஒருத்தி. மதியத்துக்குள் அவள் உள்ளங்கையில் கொப்புளம். ஆனால் எங்கள் மணிக்கட்டு எங்கே மடங்குகிறது என்று பார்த்துவிட்டாள். கட்டையின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினாள். கல்லை உயர்த்தி வைத்தாள். ஒரு முறம் முடிந்தால் கட்டையைக் கீழே வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டச் சொன்னாள். மூங்கில் பட்டை ஒன்றை வழவழப்பாகச் சீவி, என் பழைய சேலைத் துணியில் பொதிந்து, தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்கத் தளர்வாகக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். வெந்நீர் ஒத்தடமும் எண்ணெயும் கொடுத்தாள். அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தாள்: "எண்ணெய் ஆறுதலுதான் ஆயா. நீங்க கைய வெக்கிற வெதந்தான் மருந்து."

இரண்டு மாதத்தில் வலது கை என்னைத் தூங்கவிட்டது. மறு சீசனில் ஊசியில் நூல் கோத்தேன்.

சண்டை இடது கையால் வந்தது. வலதைக் காப்பாற்றுவதாக நினைத்து எல்லாப் பாரத்தையும் இடதுக்குக் கொடுத்திருந்தேன். டம்ளர் நழுவியது. ரோஸ்லின் என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். இடது கட்டைவிரலின் அடிச் சதை குழிந்திருந்தது.

"ஆயா, இத்த நான் பாக்கக் கூடாது. வேலூர் போங்க. நரம்புக்கு டெஸ்ட் எடுப்பாங்க. சின்னதா ஒரு ஆபரேசன் சொன்னாலும் செஞ்சிக்குங்க. நாள் தள்ளாதீங்க."

அத்தனை பெண்களுக்கும் நடுவில் சொன்னாள். எனக்குச் சுரீர் என்றது. "அந்தக் கைக்கு எண்ணெயும் பட்டையும் குடுத்த. இந்தக் கைய கத்திக்கு அனுப்பறியா? உனக்கு நான் சலிச்சிப்போய்ட்டேன், அதானே?" என்றேன்.

"சலிச்சிப்போனா சும்மா தடவிக்கினு இருப்பேன் ஆயா. சலிக்காததாலதான் போவச் சொல்றேன்," என்றாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம்கூடத் தவறாமல் என் வாசலில் வந்து நின்று, "ஆயா, இடது கை எப்படி கீது?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் நிற்பாள். "வர்றேன் ஆயா," என்று போய்விடுவாள்.

கடைசியில் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல் போனபோதுதான் மருமகளோடு வேலூர் போனேன். ஆபரேசன் ஆனது, மதமதப்பு விட்டது. போன சதை முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது, முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். "நீ சொன்னது சரிதான் ரோசு" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான், ஊர் திரும்பியதும் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை ரோட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த பஸ் பிடித்துச் சந்தவாசல் இறங்கினேன். அவள் வீட்டுக்காரர் அந்தோணி என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, "ஆபரேசன் பண்ணிக்கிட்டீங்களா ஆயா?" என்றார். நான் அழுதேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "உங்களப் பத்தி வாரா வாரம் சொல்லுவா. 'கெயவி இன்னிக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சி. ஆனா மூங்கில் பட்டைத் துணியத் தொவச்சிக் கொடியில காயப்போட்டுக் கீது. கட்டிக்கினுதான் தூங்குது. அது போதும்'னு சிரிப்பா."

நான் பேசாமல் இருந்த நாளெல்லாம் அவளுக்குப் பதில் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் இடது கையால் அள்ளினேன். பின்னால் ஒருத்தி, "வலது கையால போடும்மா," என்றாள். கேட்கவில்லை. கட்டைவிரல் பிடிக்காமல் பாதி மண் வழியிலேயே சிந்தியது. மீதியைப் போட்டுவிட்டு, அந்த வார்த்தையைச் சத்தமாகவே சொன்னேன்.

இந்த மலையில் என்னோடு பேச்சில்லாதவர்கள் ஐந்து பேர். ஒருத்தரையும் மன்னிப்பதாக இல்லை. அதில் ஒருத்திக்கு விரல் மரத்துப்போகிறதாம், தண்ணீர்க் குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள். போன வாரம் அவள் வாசலில் போய் நின்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நீ பேச வேணாம். கைய மட்டும் காட்டு," என்றேன்.

காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன். ரோஸ்லினிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான்: திரும்பிக்கொண்ட முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பது.